கரன்ட் போனாலும் அலறாத வால்யூம்: ரிலே வைத்து ஒரு கன்ட்ரோல்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. டிடிஏ7294 ஐசி போட்ட போர்டு, கனமான டிரான்ஸ்ஃபார்மர், கையால் துளை போட்ட தகரப் பெட்டி. பாட்டு நன்றாகவே இருக்கும். முதலில் கெடுவது வால்யூம் கன்ட்ரோல்தான். திருகினால் கரகரவென்கிறது. ராத்திரி சத்தத்தைக் குறைத்து வைத்தால் பாட்டு ஒரு பக்க ஸ்பீக்கருக்கு ஒதுங்கிவிடுகிறது.

கரகரப்புக்குக் காரணம் தெரிந்ததே. உள்ளே இருக்கும் கரித் தடத்தின் மேல் ஒரு உலோக விரல் ஓடுகிறது. தடம் தேய்கிறது, புழுதி சேர்கிறது. இரண்டாவது குறை பிறவிக் குறை. காது சத்தத்தை உணரும் விதத்துக்கு ஏற்ப, தடத்தின் எதிர்ப்பு லாகரிதம் கணக்கில் மாற வேண்டும். மலிவான கன்ட்ரோலில் இரண்டு மூன்று நேர்கோட்டுத் துண்டுகளை ஒட்டித்தான் அந்த வளைவை ஒப்பேற்றுகிறார்கள். இடது, வலது என்று இரண்டு தடங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் வருவதில்லை. குறைந்த சத்தத்தில் அந்த வித்தியாசம் 2, 3 டெசிபெல்கூட (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை எண்ணும் அலகு) வரும். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால் கரகரப்பு போகும், இது போகாது.

பிஜிஏ2311 மாதிரி வால்யூம் ஐசி போடலாம். அரை டெசிபெல் படியில் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் சிக்னல் பாதையில் ஒரு ஐசி, அதற்குச் சுத்தமான பிளஸ் மைனஸ் 5 வோல்ட் என்று வேலை கூடும். இன்னொரு வழி ரிலே, அதாவது காயிலில் கரன்ட் பாய்ந்தால் கான்டாக்டை மாற்றிப் போடும் சுவிட்ச். அதில் சிக்னல் கடப்பது ரெசிஸ்டரும் தங்கப் பூச்சுள்ள கான்டாக்டும் மட்டும். ரிலேயின் காயிலுக்கும் கான்டாக்டுக்கும் மின் தொடர்பே கிடையாது, அதனால் கன்ட்ரோல் பக்கத்து இரைச்சல் பாட்டுக்குள் வர வழி குறைவு. வீட்டில் செய்ய இதுதான் உகந்தது என்பது என் கருத்து.

அடிப்படை எளிது. 1, 2, 4, 8, 16, 32 டெசிபெல் குறைக்கும் ஆறு படிகளை வரிசையாகக் கோர்க்கிறோம். எவை வேலை செய்கின்றனவோ அவற்றின் கூட்டுத்தொகைதான் மொத்தக் குறைப்பு. 37 வேண்டுமென்றால் 32, 4, 1. இப்படி 0 முதல் 63 வரை 64 நிலைகள். 1 டெசிபெல்லுக்கும் சிறிய படி வீட்டுக்குத் தேவையில்லை.

ஒவ்வொரு படியிலும் ஒரு சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர். ஒன்று சிக்னலின் வழியில் தொடராக, மற்றது கிரவுண்டுக்கு. படியின் முடிவில் 10 கே (கிலோ ஓம்) சுமை இருந்தால், படியின் முன்பக்கமும் 10 கே ஆகவே தெரிய வேண்டும். அப்போதுதான் ஒரு படி இன்னொரு படியின் கணக்கைக் கெடுக்காது. வெளிவரும் வோல்ட்டை உள்வரும் வோல்ட்டால் வகுத்த விகிதம் ‘வி’ என்றால் தொடர் ரெசிஸ்டர் 10 கே பெருக்கல் (1 – வி). கிரவுண்ட் ரெசிஸ்டர் 10 கே பெருக்கல் வி வகுத்தல் (1 – வி). 1 சதவீத மெட்டல் ஃபிலிமில் கிடைக்கும் மதிப்புகளாக மாற்றினால் இப்படி வரும், முதலில் தொடர், அடுத்து கிரவுண்ட்:

1 டெசிபெல்: 1.1 கே, 82.5 கே
2 டெசிபெல்: 2.05 கே, 38.3 கே
4 டெசிபெல்: 3.65 கே, 16.9 கே
8 டெசிபெல்: 6.04 கே, 6.65 கே
16 டெசிபெல்: 8.45 கே, 1.87 கே
32 டெசிபெல்: 9.76 கே, 255 ஓம்

32 டெசிபெல் படிக்கு 261 ஓமும் போடலாம் போலத் தோன்றும். போட்டால் 31-லிருந்து 32-க்குப் போகும் படி 0.84 டெசிபெல்லாகச் சுருங்கும். 255 போட்டால் 1.03. இங்கே பார்க்க வேண்டியது ஒரு படி தனியாக எவ்வளவு துல்லியம் என்பதல்ல. பக்கத்து நிலைகளுக்கு நடுவே தாண்டல் சமமாக இருக்கிறதா என்பதே.

0.1 சதவீத ரெசிஸ்டருக்குச் செலவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு மதிப்பிலும் 1 சதவீதம் பத்து வாங்கி, ஒரே மல்டிமீட்டரில் அளந்து, ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய ஜோடியை இடதுக்கும் வலதுக்கும் எடுத்தால் போதும். மீட்டர் மொத்தமாகச் சற்றுத் தவறாகக் காட்டினாலும் பரவாயில்லை, ஜோடிப் பொருத்தம் கெடாது. அளக்கும்போது ரெசிஸ்டரின் இரண்டு காலையும் விரலால் பிடிக்காதீர்கள், 82.5 கே மாதிரி பெரிய மதிப்பில் உடம்பின் எதிர்ப்பும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இனி ரிலே. ஆர்டுயினோ கடைகளில் கிடைக்கும் நீலக் கட்டி ரிலே இதற்கு ஆகாது. அது விளக்கும் மோட்டாரும் போட்டு அணைக்கச் செய்தது, 10 ஆம்பியர் தாங்கும் வெள்ளிக் கலவைக் கான்டாக்ட். வெள்ளியின் மேல் படியும் மெல்லிய படலத்தைப் பெரிய கரன்ட் எரித்துத் துடைத்துவிடும். பாட்டின் மில்லிவோல்ட்டுக்கு அந்தத் திராணி கிடையாது. முதல் மாதம் நன்றாக ஓடும், பிறகு ஒரு சேனல் மங்கும், பெட்டியைத் தட்டினால் திரும்ப வரும். வேண்டியது சிக்னல் ரிலே: பானசோனிக் டிக்யூ2 அல்லது அதே மாதிரி ஹாங்ஃபா எச்எஃப்டி4. டிக்யூ2 ரிலேயின் கால்கள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் டாட் போர்டில் அப்படியே உட்காரும். ஓம்ரான் ஜி6கே-2எஃப் நல்ல ரிலேதான், ஆனால் சர்ஃபேஸ் மவுண்ட், டாட் போர்டுத் துளையில் உட்காராது.

இவை தருமபுரி டவுனில் கிடைப்பது அபூர்வம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். அங்கே பழைய போர்டிலிருந்து பிடுங்கிய ரிலேயும் விற்கிறார்கள். காலில் ஈயத் தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். ஒருமுறை பெரிய கரன்ட் பாய்ந்திருந்தால் மேலுள்ள தங்கம் தீய்ந்துபோயிருக்கும், வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

5 வோல்ட் காயிலா 12 வோல்ட் காயிலா என்பதில் பலர் சறுக்குகிறார்கள். ரிலேக்களுக்கு உத்தரவு கொடுக்கும் ஆர்டுயினோ நேனோ (புரோகிராம் ஏற்றும் சிறு போர்டு) 5 வோல்ட்டில் ஓடுகிறது, அதனால் ரிலேயும் 5 வோல்ட் என்று எடுத்துவிடுவார்கள். ரிலேயை இயக்கும் யூஎல்என்2803 ஐசி தன் பங்காக ஏறக்குறைய 0.8 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 4.2. டிக்யூ2 இழுக்கத் தொடங்க 3.75 வேண்டும். காயில் சூடானால் எதிர்ப்பு கூடும், சப்ளையும் கொஞ்சம் தொய்ந்தால் இழுக்கலாமா வேண்டாமா என்று ரிலே தடுமாறும். 12 வோல்ட் ரிலேயில் அதே 0.8 போனாலும் 11.2 மிச்சம், இழுக்க 9 போதும். கரன்ட்டும் ஒரு ரிலேக்கு 28 மில்லி ஆம்பியருக்குப் பதில் 11.7 மட்டும். 12 வோல்ட்டே வாங்குங்கள். படிக்கு ஒன்றாக ஆறு, சத்தத்தை முழுசாக அடைக்கும் மியூட்டுக்கு ஒன்று, மொத்தம் ஏழு.

வயரிங்கில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. டிக்யூ2-வில் இரண்டு மாற்று கான்டாக்ட் உண்டு. ஒன்று இடது, ஒன்று வலது. தொடர் ரெசிஸ்டரை படியின் உள்வழிக்கும் வெளிவழிக்கும் நடுவே நிரந்தரமாகப் பற்றவையுங்கள். கான்டாக்டின் பொதுக் காலை வெளிவழியில் கொடுங்கள். மீதமுள்ள இரண்டு கால்களில் ஒன்று உள்வழிக்கு, மற்றது கிரவுண்ட் ரெசிஸ்டருக்கு. உள்வழிப் பக்கம் சேர்ந்தால் தொடர் ரெசிஸ்டர் ஷார்ட் ஆகி, சிக்னல் குறையாமல் நேராகப் போகும். மறுபக்கம் சேர்ந்தால் இரண்டு ரெசிஸ்டரும் வேலைக்கு வந்து சத்தம் குறையும்.

எந்தக் கால் எங்கே? ரிலேக்குக் கரன்ட் கொடுத்தால் குறையட்டும் என்று பலர் போடுகிறார்கள். அப்படிப் போட்டால், கரன்ட் இல்லாத நேரத்தில் ஆறு படியும் திறந்த கதவாக நிற்கும். பாட்டு ஓடும்போது கன்ட்ரோல் பெட்டியின் ஃபியூஸ் போனாலோ, ஒரு வயர் விட்டுப்போனாலோ, ஆம்ப்ளிஃபயர் முழுச் சத்தத்தில் அலறும். ட்வீட்டர் அந்த நொடியே போய்விடலாம். பக்கத்தில் தொட்டிலில் குழந்தை இருந்தால் அதைவிட மோசம். ஆகவே தலைகீழாகப் போடுங்கள். கரன்ட் இல்லாதபோது சேர்ந்திருக்கும் கால் கிரவுண்ட் ரெசிஸ்டருக்கு. கரன்ட் வந்தால் சேரும் கால் உள்வழிக்கு. கரன்ட் போனால் 63 டெசிபெல் குறைப்பு. ஏழாவது ரிலே வெளிவழியைக் கிரவுண்டோடு சேர்த்தே வைத்திருக்கட்டும். கரன்ட் வந்த பிறகுதான் விடட்டும். இந்தப் பக்கத்தில் கோடை மழைக்கு முன் காற்றடிக்கும் சாயங்காலங்களில் கரன்ட் எத்தனை முறை போய் வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், இது ஏன் முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

டிக்யூ2 காயிலுக்கு பிளஸ் மைனஸ் உண்டு. மாற்றிக் கொடுத்தால் எரியாது, இழுக்கவும் செய்யாது. ரிலே கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றிப் போடுவார்கள். பற்றவைக்கும் முன் ஒவ்வொன்றையும் 12 வோல்ட்டில் தொட்டு, எந்தக் கால் எதனுடன் சேர்கிறது என்று மல்டிமீட்டரின் பீப் சத்தத்தில் பார்த்துத் தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

யூஎல்என்2803-ன் 9-ஆம் கால் கிரவுண்ட், 10-ஆம் கால் 12 வோல்ட். அந்த 10-ஆம் காலைத் தவறி 5 வோல்ட்டில் கொடுத்தால், 12 வோல்ட் காயில் வழியாகவும் உள்ளிருக்கும் டையோடு வழியாகவும் 5 வோல்ட் பாதைக்குள் புகும். ஒருமுறை இழுத்த ரிலே விடாமல் பிடித்துக்கொண்டே நிற்கும், நேனோவின் சப்ளை மேலேறும். ரிலே எதுவும் விடவில்லை என்றால் புரோகிராமைத் திட்டும் முன் இந்தக் காலைப் பாருங்கள்.

நேனோவின் கால்களில் டி4 முதல் டி9 வரை ஆறு படி, டி10 மியூட், டி11 ரிமோட், டி2-வும் டி3-யும் திருகும் என்கோடர், ஏ4-ம் ஏ5-ம் டிஸ்ப்ளே. டி13-ஐத் தொடாதீர்கள். கரன்ட் வந்தவுடன் பூட்லோடர் (நேனோவில் முதலில் ஓடும் தொடக்கப் புரோகிராம்) அந்தக் காலை மினுக்கும். அதில் ரிலே இருந்தால் அதுவும் துள்ளும். மற்ற கால்கள் அந்த நேரத்தில் எதையும் இயக்காமல் கிடக்கும், யூஎல்என் அதை ‘ஆஃப்’ என்றே எடுத்துக்கொள்ளும், ஆக எல்லாம் குறைத்த நிலையிலேயே இருக்கும்.

புரோகிராமில் கவனம் வேண்டிய இடம் ஒன்று. 31-லிருந்து 32-க்குப் போகும்போது ஐந்து படிகள் விலகி ஒரு படி உள்ளே வருகிறது. விலக வேண்டியவை முந்திக்கொண்டால், சில மில்லி செகண்ட் எந்தக் குறைப்பும் இல்லாமல் சிக்னல் முழுசாகப் பாயும். ஸ்பீக்கரில் ‘பட்’ என்று அறையும். அதனால் இரண்டு தவணையாக மாற்றுங்கள். முதலில் புதிதாகக் குறைக்க வேண்டிய படிகளை உள்ளே விடுங்கள். 8 மில்லி செகண்ட் காத்திருங்கள். பிறகு விலக்க வேண்டியவற்றை விலக்குங்கள். நடுவில் ஒரு கணம் சத்தம் இன்னும் கொஞ்சம் அமுங்கும், காதுக்கு அது தெரியாத அளவு. ரிலே இழுக்க 3 மில்லி செகண்ட் போதுமே, ஏன் 8 என்றால், நம் அமைப்பில் குறைப்பது என்பது ரிலேயை விடுவது. யூஎல்என் உள்ளிருக்கும் டையோடு காயிலின் கரன்ட்டைச் சுற்றவிட்டு, விடுவதைத் தாமதப்படுத்தும்.

கடைசி வால்யூமை நேனோவின் ஈப்ராமில் (கரன்ட் போனாலும் மறக்காத நினைவகம்) எழுதி வைக்கலாம். அதற்கு 1,00,000 முறை எழுதும் வரைதான் உத்தரவாதம். ஒவ்வொரு திருகலுக்கும் எழுதாமல், கை எடுத்து 10 செகண்ட் ஆன பிறகு ஒருமுறை எழுதுங்கள். ஆன் செய்ததும் 3 செகண்ட் மியூட். சேமித்த அளவு 40 டெசிபெல் குறைப்பைவிடச் சத்தமானது என்றால், 40-லிருந்துதான் தொடங்க வேண்டும்.

சப்ளைக்கு 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர், 500 மில்லி ஆம்பியர், ஒரு பாதி மட்டும். பிரிட்ஜுக்கு 1என்4007 டையோடு நான்கு, 2200 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கெபாசிட்டர், பிறகு 12 வோல்ட்டுக்கு 7812 ரெகுலேட்டர், அதிலிருந்து 5 வோல்ட்டுக்கு 7805. மொத்தம் 130 மில்லி ஆம்பியர் அளவில் நிற்கும். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போதாதா என்றால், வோல்டேஜ் 230 இருக்கும்போது போதும். சுற்றிலும் போர் மோட்டார் ஓடும் நேரத்தில் 170-க்கு இறங்கினால் போதாது. 15 வோல்ட் போட்டால் 170-லும் கெபாசிட்டரில் 14 வோல்ட் சுமாருக்கு உச்சம் வரும், ரிலே நிம்மதியாக நிற்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரிலும் இதே கதைதான். மீட்டர் 230 காட்டினாலும் அலையின் உச்சம் தாழ்வு, கெபாசிட்டரில் 13.6 வோல்ட் அளவே சேரும். மறுபக்கம், வோல்டேஜ் 250-க்கு ஏறினால் 7812 ஒரு வாட்டுக்கு மேல் சூடாகும். அலுமினியத் தகட்டில் திருகிவிடுங்கள்.

கரன்ட் போகும் தருணத்துக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். அந்த 2200 மைக்ரோ கொஞ்ச நேரம் ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் மற்ற கருவி அணையும்போது எழும் ‘தொப்’ ஸ்பீக்கருக்குப் போய்விடும். பிரிட்ஜுக்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மர் வயர் ஒன்றிலிருந்து ஒரு டையோடு, 10 கே, கிரவுண்டுக்கு 2.2 கே, அதன் குறுக்கே 22 மைக்ரோ. அந்தப் புள்ளியை நேனோவின் ஏ0-வுக்குக் கொடுங்கள். வழக்கமாக ஒரு வோல்ட்டை ஒட்டி இருக்கும், 0.4-க்குக் கீழே போனால் உடனே மியூட். ஏறத்தாழ 50 மில்லி செகண்டில் வாயை மூடிவிடும்.

ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் டிஎஸ்ஓபி1738 என்றால் முதல் கால் கிரவுண்ட், இரண்டாவது சப்ளை, மூன்றாவது அவுட்புட். விஎஸ்1838பி என்றால் அவுட்புட், கிரவுண்ட், சப்ளை. கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுப்பார்கள், பழைய இடத்தில் அப்படியே செருகினால் போச்சு.

பெட்டிக்குள் இரண்டு கிரவுண்ட் இருக்கிறது, அவை ஒன்றை ஒன்று தொடவே கூடாது. ரிலே, நேனோ, சப்ளையின் கிரவுண்ட் ஒன்று. பாட்டின் கிரவுண்ட் இன்னொன்று, கிரவுண்ட் ரெசிஸ்டர்களும் மியூட் கான்டாக்டும் சேர்வது இதனுடன்தான். அது உள்ளே வரும் ஆர்சிஏ சாக்கெட்டிலிருந்து வெளியேறும் சாக்கெட் வரை மட்டும். சாக்கெட்டுக்குப் பிளாஸ்டிக் வாஷர் போட்டுத் தகரத்திலிருந்து விலக்குங்கள். தகரப் பெட்டிக்கு மூன்று பின் பிளக்கின் எர்த். இந்த மாவட்டங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. எர்த் குழி கோடையில் காய்ந்து பெயருக்கு இருக்கும். மோட்டார் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பல வோல்ட் காட்டினால் எலக்ட்ரீஷியனை அழைத்துக் குழியைச் சரி செய்யுங்கள். ஹம் வருகிறது என்று எர்த் பின்னை வெட்டிவிடுவது மட்டும் ஒருபோதும் கூடாது.

முடிவில் வரும் 10 கே சுமையை மறந்தால் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் வீண். ஆம்ப்ளிஃபயரின் உள் எதிர்ப்பையும் சேர்த்துத்தான் அந்த 10 கே. ஆம்ப்ளிஃபயர் 47 கே என்றால் வெளிவழிக்குக் குறுக்கே 12.7 கே. டிடிஏ7294 போர்டுகளில் பெரும்பாலும் இருக்கும் 22 கே என்றால் 18.2 கே. பழைய வால்யூம் கன்ட்ரோலை முழுசாகத் திருகி வைத்துவிட்டு அப்படியே விடாதீர்கள்; அதன் தடமும் குறுக்குச் சுமைதான். கழற்றிவிட்டு நேராக இணையுங்கள்.

இந்தப் பெட்டி முன்னால் இருக்கும் கருவிக்கு 10 கே ஆகத் தெரியும். அந்தக் கருவியின் வெளிவழிக் கெபாசிட்டர் 1 மைக்ரோ மட்டும் என்றால் 16 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் சரியும். தவிலின் அடி மெலியும். 4.7 மைக்ரோ இருந்தால் 3.4 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கெபாசிட்டர் டிசியைக் கசியவிட்டால் ஒவ்வொரு படிக்கும் ‘தப் தப்’ என்று கேட்கும். பாட்டை நிறுத்திவிட்டு அங்கே டிசி வோல்ட் அளந்தால் தெரிந்துவிடும். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

சோதனைக்கு ஆசிலாஸ்கோப் தேவையில்லை. மலிவான மல்டிமீட்டர் ஏசியில் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பகமில்லை, டிசியில் ஒழுங்காகச் சொல்லும். உள்வழியில் ஒரு 9 வோல்ட் பேட்டரி, வெளிவழியில் தற்காலிகமாக 10 கே மட்டும். ஒவ்வொரு படியையும் தனியாகப் போட்டுப் பார்த்தால் 1-க்கு 8.01, 2-க்கு 7.15, 4-க்கு 5.69, 8-க்கு 3.58, 16-க்கு 1.41, 32-க்கு 0.224 வோல்ட் வர வேண்டும். பேட்டரி சரியாக 9 இல்லையென்றால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சேனல் மட்டும் விலகினால் அந்தப் படியின் ஈயப் பற்றைத் திரும்பச் சூடு காட்டுங்கள். பத்தில் ஒன்பது முறை அதுதான்.

ரிலேயின் சொந்தச் சத்தம் பல்லி சொல்வது மாதிரி ‘டிக் டிக்’ என்று வரும். வெறும் தகரப் பெட்டியும் மர அலமாரியும் அதைப் பெருக்கும். போர்டை ரப்பர் வாஷர் மேல் திருகி, பெட்டிக்கு அடியில் ஒரு கிரானைட் துண்டு வையுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் பாலிஷ் பட்டறைகளில் அறுத்து ஒதுக்கிய துண்டுகள் கிடக்கும்.

நல்ல ஸ்பீக்கரை இணைக்கும் முன், போனால் வருத்தப்படாத பழைய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டுங்கள். 63-லிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிக் கேளுங்கள்; 32 தாண்டும் இடத்தில் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் திருகுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் பெட்டியின் பிளக்கை மட்டும் பிடுங்குங்கள். பத்து முறை பிடுங்கிச் செருகுங்கள். பத்து முறையும் பாட்டு சட்டென்று அடங்கினால், அதன் பிறகு நல்ல ஸ்பீக்கரை மாட்டலாம்.